செக்கானூரணி வரை போன முதல் நாள்

ஆனர்ஸ் வகுப்பு தொடங்கிய அன்று, இறங்க வேண்டிய இடத்தைத் தூக்கத்தில் விட்டுவிட்டேன். முந்தின இரவு கண்ணே மூடவில்லை.

இயற்பியலில் நான்கு வருட ஆனர்ஸ் அது. கொஞ்சம் பேரைத்தான் எடுப்பார்கள், கடைசி வருடம் சொந்தமாக ஓர் ஆராய்ச்சி செய்ய வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். அந்தக் கொஞ்சம் பேரில் நானும் ஒருத்தி என்பதைச் சரியாக நம்பாமலே ஒரு மாதம் நடமாடினேன். மதுரை பழங்காநத்தத்தில் மிக்சி, மின்விசிறி பழுது பார்க்கும் கடை வைத்திருக்கும் அப்பா, கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் 'ஆனர்ஸ்' என்ற வார்த்தையைச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டில் சௌராஷ்டிரம்தான் பேச்சு. அம்மா அதில்தான் கேட்டாள், மற்றப் படிப்பைவிட இதில் என்ன கூடுதல் என்று. ஒரு வருடம் என்றேன்.

ஆரப்பாளையத்தில் உசிலம்பட்டி பஸ் ஏறினேன். என் வயதுப் பெண் ஒருத்தி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள், அவள் பக்கத்தில் இடம் கிடைத்தது. ஆடிக்காற்று முகத்தில் அடித்துக்கொண்டே இருந்தது. காளவாசல் தாண்டியதும் கட்டடங்கள் விலகி, நாகமலை பஸ்ஸோடு கூடவே வரத் தொடங்கியது. மலை நகர்கிறதா, நாங்கள் நகர்கிறோமா என்று யோசித்தது நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு எதுவும் இல்லை.

விழித்தபோது என் தலை அந்தப் பெண்ணின் தோளில் இருந்தது. வெளியே தென்னந்தோப்பு. பதறிப்போய், பல்கலைக்கழகம் வந்துவிட்டதா என்று கேட்டேன்.

"அது போயிருச்சுங்க. செக்கானூரணி வரப்போகுது" என்றாள்.

நானும் பல்கலைக்கழகத்துலதான் இறங்கணும் என்றாள் அடுத்து, ரொம்ப மெதுவாக. என்னைப் போலவே புதிதாகச் சேர்ந்தவள், அதே வகுப்பு. தூக்கக் கலக்கத்தில் எனக்கு வேறெதுவும் கேட்கத் தோன்றவில்லை. அவள் கையைப் பிடித்து, "வாங்க, இறங்கிருவோம்" என்றேன். அவளும் எழுந்து வந்தாள்.

எதிர்ப்பக்கம் ஒரு புளியமரத்தடியில் மதுரை பஸ்ஸுக்காக நின்றோம். புழுதி எழும்பி எழும்பி அடங்கியது. ரோட்டில் போனவர்கள் எல்லோரும் தண்ணீருக்கடியில் நடப்பதுபோல் தெரிந்தார்கள். தூங்காமலே நிறுத்தத்தை எப்படி விட்டீர்கள் என்று அப்போதுதான் கேட்டேன்.

ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "நான் உசிலம்பட்டிக்குத்தாங்க டிக்கெட் எடுத்தேன். வீட்டுக்குப் போயிறலாம்னு."

அவள் ஊர் உசிலம்பட்டிக்கும் அப்பால், விவசாயக் குடும்பம். தல்லாகுளத்தில் சித்தி வீட்டில் தங்கிப் படிக்க ஏற்பாடு. நேர்காணலில் மற்றவர்கள் இங்கிலீஷில் பொழிந்ததை வாசலில் நின்று கேட்டிருக்கிறாள். பல்கலைக்கழக நிறுத்தம் வந்தபோது ஒரு நொடி இறங்கிவிடலாமா என்றும் இருந்ததாம்.

"நீங்க தோள்ல அம்புட்டு அசந்து தூங்குனீங்க. எழுப்ப மனசு வரல. சரி, இதையே சாக்கா வச்சுப் போயிருவோம்னு நெனச்சேன்" என்றாள்.

கணக்குப் போடும்போது மனசுக்குள் நான் சௌராஷ்டிரத்தில்தான் எண்ணுவேன், அதைத் தமிழாக்கி, பிறகு இங்கிலீஷாக்குவதற்குள் அடுத்தவன் விடையைச் சொல்லிவிடுவான் என்று மட்டும் சொன்னேன். எப்படி எண்ணுவீர்கள் என்று கேட்டாள். எண்ணிக் காட்டினேன். அவளும் திருப்பிச் சொன்னாள், பாதி தப்பாக. அப்போது மதுரை பஸ் வந்தது. ஏறுவாளா என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் ஏறமாட்டாள் என்று ஒரு பயம். உள்ளே இடம் பிடித்து உட்கார்ந்தபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அறிமுகம் பாதி முடிந்திருந்தது. பேராசிரியர் ஏன் தாமதம் என்று கேட்கவில்லை. இன்னும் விடை தெரியாத சொந்தக் கேள்வி ஒன்றை ஆளாளுக்குச் சொல்ல வேண்டும், அதுதான் அறிமுகம் என்றார். கருந்துளை, காலம் என்று ஆளுக்கொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் வானம் பற்றி ஏதோ சொன்னேன், என்னவென்று இப்போது ஞாபகமில்லை.

அவள் எழுந்து தமிழிலேயே சொன்னாள்: "வாய்க்கால் மடையில தண்ணி சுழிக்கும். தண்ணி பூராம் ஓடிருது, ஆனா சுழி மட்டும் நின்ன இடத்துலயே நிக்குது. அப்ப அந்தச் சுழிங்கிறது எது?"

மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. முன்வரிசையில் இருந்த ஒருவன் திரும்பி, வேகமான இங்கிலீஷில் ஏதோ விளக்கத் தொடங்கினான், பாதியில் நிறுத்தினான். "இல்ல, இருங்க" என்று தமிழுக்கு வந்து மறுபடி யோசித்தான். பேராசிரியர் தனக்கும் அது முழுதாகத் தெரியாது என்றார். சாப்பாட்டு நேரம் வரை அந்தத் தண்ணீர் அறைக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது. மற்றக் கேள்விகள் அப்படியே நின்றுபோயின.

மதியம் வேப்பமரங்களுக்கு நடுவே அவளும் நானும் நடந்தோம். மலை வெயிலில் வெளுத்து, காற்று தொட்டால் கரைந்துவிடும் போலிருந்தது. 'நீங்க' எப்போது 'நீ' ஆனது என்று தெரியாது, அன்று சாயங்காலத்துக்குள் ஆகிவிட்டது.

பஸ்ஸில் திரும்பும்போது அவள் அம்மா போனில் கூப்பிட்டார். எதிர்முனையில் என்ன கேட்டார்களோ, இவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"நல்லாத்தாம்மா இருந்துச்சு. நாளைக்கும் போறேன்."