இக்னேஷியா எழுதிய துணைக் கேள்வி

பேரவையின் பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்து, கீழே கணவர் பேசப் பேச, இக்னேஷியா லோரானும் சத்தமில்லாமல் வாயசைப்பாள். பக்கத்தில் இருப்பவர்கள் ஜெபம் சொல்கிறாள் என்று நினைத்துக்கொள்வார்கள். ஜெபம் இல்லை. தியோஃபில் லோரான் அங்கே பேசியதெல்லாம் முந்திய நாள் அவர்கள் வீட்டுச் சமையலறை மேசையில் அவள் கையால் எழுதப்பட்டது.

இக்னேஷியா, மோர்ன் ரூஷ் என்ற ஊரின் ஆரம்பப் பள்ளியில் இருபத்தாறு வருஷம் ஆசிரியையாக இருந்தவள். அங்கே கடைசி வகுப்பான ஆறாம் வகுப்புக்குக் கட்டுரை சொல்லிக்கொடுத்தவள். அவளைக் கட்டிக்கொண்டபோது தியோஃபில் வாழைப்பழ விவசாயிகள் சங்கத்தில் பேச்சாளர். நல்ல குரல், ஆனால் ஆரம்பித்த வாக்கியத்தை எங்கே முடிப்பது என்று அவருக்கே தெரியாது. முதல் தேர்தலில் அவருடைய பேச்சை வாங்கிப் பாதியாக வெட்டினாள். "ஒரு மூச்சுல சொல்ல முடியாததச் சொல்லாத தியோ" என்றாள். அவர் ஜெயித்தார். பிறகு இரண்டு முறை ஜெயித்தார். மூன்றாம் முறை அவருடைய கட்சியே ஆட்சிக்கு வந்தது. அவர்கள் நாடு ஒரு சின்னத் தீவு, மந்திரிகள் மொத்தம் ஏழு பேர். ஆகவே சுகாதாரமும் கல்வியும் சேர்த்து அவர் தலையில் விழுந்தன.

மந்திரியானால் செயலாளர் ஒருவர் வருவார் என்பது அவளுக்குத் தெரியும். வந்தவள் வெர்னெல் அன்டோய்ன். நாற்பது வயது, ஜமைக்காவில் படித்தவள், எதற்கும் அவசரப்படாதவள். உறுப்பினர்கள் எழுதிக் கொடுக்கும் கேள்விகளுக்குத் துறைதான் பதில் தயாரிக்கும். முதல் சில வாரங்கள் தியோஃபில் அந்தக் கோப்பை வீட்டுக்குக் கொண்டுவந்தார். இக்னேஷியா சிவப்புப் பேனாவால் திருத்தினாள். ஒரு நாள் அவள் திருத்திய பக்கம் ஒன்று சின்னக் குறிப்போடு திரும்பி வந்தது. ஒரு வாக்கியத்தை வெட்டும்போது தடுப்பூசி எண்ணிக்கையும் சேர்ந்து போய்விட்டது, எண்ணை மட்டும் மறுபடி சேர்த்திருக்கிறேன் என்று வெர்னெல் எழுதியிருந்தாள். மரியாதையான குறிப்புதான். தியோஃபில் அதை வாசித்துக் காட்டிச் சிரித்தார். இக்னேஷியா சிரிக்கவில்லை. அடுத்த கோப்பில் அவள் கை வைக்கவில்லை. அதற்குப் பிறகு கோப்பை நீட்டுவதை அவரும் நிறுத்திவிட்டார்.

கோப்பைத் தொடாவிட்டாலும் பழக்கத்தில் அசைந்துகொண்டிருந்த அவள் வாய், பிப்ரவரி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை மாடத்தில் நின்றுபோனது. மலையோரப் பள்ளிகளில் அறிவியல் ஆசிரியர் இடங்கள் ஏன் காலியாக இருக்கின்றன என்று எதிர்க்கட்சிக்காரர் ஒருவர் கேட்டார். தியோஃபில் எழுந்து எண்களைப் படித்துவிட்டு, "ஆசிரியரை நியமிக்கிறது சுலபம். ரெண்டாவது வருஷமும் அவர் அங்க இருக்கணும்னு நினைக்கிற மாதிரி செய்யறதுதான் என் வேலை" என்றார். எதிர்வரிசையிலேயே ஒருவர் மேசையைத் தட்டினார்.

அந்த வாக்கியம் அவளுடையது இல்லை. மோசமாக இருந்திருந்தால் வீட்டுக்கு வந்து கேலி செய்திருப்பாள். நன்றாக இருந்தது.

சனிக்கிழமை சந்தையில் மீன் விற்கும் ஒடீலியா அதே வாக்கியத்தை அட்சரம் பிசகாமல் சொன்னாள். "வானொலியில கேட்டேன் டீச்சர். நீங்க எழுதிக் குடுத்ததுதானே?" இக்னேஷியா ஆமாம் என்று சொல்லிவிட்டாள். மீனை வாங்கிக்கொண்டு பேருந்து நிறுத்தம் வரை நடப்பதற்குள் அந்தப் பொய் அவளை வறுத்து எடுத்துவிட்டது.

அதன்பின் அவள் காது வேறு மாதிரி வேலை செய்ய ஆரம்பித்தது. சாப்பாட்டு மேசையில் தியோஃபில் "ஒப்பிட்டுப் பார்த்தா" என்றார். அவருடைய பேச்சில் அது இதற்கு முன் இருந்ததில்லை. "வெர்னெல் சொல்றா" என்று ஒரே சாப்பாட்டில் ஐந்தாறு தடவை. வெர்னெலுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்று சும்மா கேட்பது போலக் கேட்டாள், விசாரிக்கவில்லை என்றார். அவர் சட்டையை அவள் முகர்ந்து பார்த்ததில்லை, கைப்பேசியைத் தொட்டதில்லை. சந்தேகம் அந்த வகை இல்லை. இன்னொருத்தி புருஷனை மடக்கிவிட்டாள் என்றால் அக்காளிடம் சொல்லி அழலாம், பாதிரியாரிடம் சொல்லலாம், வாசலில் போய் நின்று சண்டை போடலாம். என் புருஷனுக்கு இன்னொருத்தி வாக்கியம் எழுதுகிறாள் என்று யாரிடம் போய்ச் சொல்வது?

மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தேவாலயத்தில் பூசை முடிந்து வந்து பார்த்தபோது கோப்பு சாப்பாட்டு மேசையில் கிடந்தது. தியோஃபில் வெளியே காரைக் கழுவிக்கொண்டிருந்தார். அவள் திறந்தாள். ஏழாவது கேள்வி, ஆரம்பப் பள்ளிகளுக்குச் செவிலியர் போகிறார்களா என்பது. பதிலில், பதினான்கு பள்ளிகளுக்கும் ஒவ்வொரு பருவமும் போயிருக்கிறார்கள் என்று இருந்தது.

அது தப்பு என்று அவளுக்குத் தெரியும். அக்டோபர் மழையில் மோர்ன் ரூஷ் பாலம் அடித்துக்கொண்டு போய்விட்டது. ஊர்க்காரர்கள் பலகை போட்டு ஆற்றைக் கடக்கிறார்கள். செவிலியரின் வண்டி இக்கரையோடு நின்றுவிடும். பள்ளி ஆசிரியை பதிவேட்டை இக்கரைக்கு எடுத்துவர, அவர் கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்பிவிடுவார். இரண்டு பருவமாகப் பிள்ளைகளின் கண்ணையும் காதையும் யாரும் பார்க்கவில்லை. அந்த ஆசிரியை அக்னெல்லா, இக்னேஷியாவின் பழைய தோழி. அன்று காலையில்தான் கோயில் வாசலில் இதைச் சொல்லியிருந்தாள்.

சாப்பிடும்போது இக்னேஷியா கேட்டாள், "அந்தக் கோப்புல நான் ஏதாவது பார்க்கணுமா?"

"வேண்டாம் இக்னா. வெர்னெல் ரெண்டு தடவ சரிபார்த்துட்டா."

அவள் அவர் தட்டில் இன்னொரு துண்டு கருவாட்டை வைத்தாள்.

திங்கட்கிழமை நகரத்துக்குப் போய்ச் சித்தி மகன் ஃபிட்ஸ்ராயின் இரும்புச் சாமான் கடையில் ஏறினாள். ஃபிட்ஸ்ராய் எதிர்க்கட்சி உறுப்பினர். அவையில் அவர் எழுந்தாலே தலைவர் கடிகாரத்தைப் பார்ப்பார். ஒரு கேள்வி கேட்க அவருக்குப் பத்து நிமிஷம் வேண்டும். இக்னேஷியா நாட்காட்டித் தாளின் பின்பக்கம் எழுதியதை நீட்டினாள். மந்திரி பதில் சொன்னதும் எழுந்து கேட்கவேண்டிய துணைக் கேள்வி, ஒரே வரி.

ஃபிட்ஸ்ராய் படித்தார். "அக்கா, இது மாமாவுக்கு எதிரால்ல இருக்கு?"

"அவருக்கு எதிரா இல்ல. எழுதினவளுக்கு எதிரா."

"அங்க எழுந்து நிக்கப்போறது மாமாதானே?"

அவள் கையை நீட்டினாள். "கேக்கறதுன்னா கேளு. இல்லன்னா தாளக் குடு" என்றாள். அவர் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை தியோஃபில் ஏழாவது பதிலைப் படித்து உட்கார்ந்ததும் ஃபிட்ஸ்ராய் எழுந்தார். "மோர்ன் ரூஷ் பள்ளிக்கூடத்துக்குள்ள செவிலியர் கடைசியா கால் வெச்சது எந்தத் தேதி?" அவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டார். அவை ஒரு கணம் மீதியை எதிர்பார்த்துக் காத்திருந்தது.

தியோஃபில் அதிகாரிகள் வரிசையைப் பார்த்தார். வெர்னெல் ஒரு சீட்டில் ஏதோ எழுதி அனுப்பினாள். இக்னேஷியா மாடத்தின் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். இதற்காகத்தானே வந்தாள்? அந்தப் பெண்ணின் முகம் வெளுப்பதைப் பார்க்க. ஆனால் அவள் கண் தியோஃபிலின் பிடரியை விட்டு நகரவில்லை, அங்கே வேர்த்திருந்தது. அவர் சீட்டைப் படித்தார், குப்புறக் கவிழ்த்து வைத்தார், தலையைத் தூக்கி மாடத்தைப் பார்த்தார். நேராக அவளை.

"தலைவர் அவர்களே, எனக்குத் தெரியாது" என்றார். "பதிவேட்டுல கையெழுத்து இருக்குன்னு சொல்றாங்க. உறுப்பினர் கேட்டது அது இல்ல. வியாழக்கிழமை நானே போய்ப் பார்த்துட்டு வந்து இந்த அவைக்குச் சொல்றேன்."

அன்று மாலை வானொலி நிகழ்ச்சிக்குத் தொலைபேசியில் பேசியவர்கள் எல்லாம், தெரியாது என்று சொல்கிற மந்திரியை இப்போதுதான் பார்க்கிறோம் என்றார்கள். வியாழக்கிழமை அவர் கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு பலகையில் ஆற்றைக் கடந்தார். வெர்னெலுக்கு ஒன்றும் ஆகவில்லை. அடி விழுந்தது இக்னேஷியா ஒரு தடவைகூட நினைத்துப் பார்க்காத இடத்தில். போகாத பள்ளிக்கு எப்படிக் கையெழுத்துப் போட்டாய் என்று விளக்கம் கேட்டுச் செவிலியர் டெல்வினாவுக்குத் துறையிலிருந்து கடிதம் போனது. அக்னெல்லா வந்து சொன்னாள். பாலத்தைப் பற்றி டெல்வினா துறைக்கு மூன்று தடவை எழுதிப் போட்டிருக்கிறாளாம், பதிலே வரவில்லையாம்.

வீட்டில் தியோஃபில் பல நாள் எதுவும் கேட்கவில்லை. அடுத்த வாரச் சனிக்கிழமை அவள் அடுப்புத் தணலில் சீமைப்பலாவைச் சுட்டுக்கொண்டிருந்தபோது வந்து நின்றார்.

"ஃபிட்ஸ்ராய் பொறந்ததுலேர்ந்து அவ்வளவு சின்னதா ஒரு வாக்கியம் பேசினதில்ல" என்றார்.

அவள் காயைப் புரட்டினாள். "நீ எங்கிட்டக் காட்டியிருந்தா நான் சொல்லியிருப்பேன்."

"மேசை மேலதானே வெச்சேன். ஆபீஸ் கோப்ப நான் என்னிக்கு அங்க வெச்சிருக்கேன்? நீ கைவைக்க மாட்டேன்னு இருந்த. பாருன்னு கேக்க எனக்கு வெக்கமா இருந்தது."

"நான் கேட்டேனே. வேண்டாம்னியே."

"நீ கேட்ட விதம் அப்படி, வேண்டா வெறுப்பா" என்றார் அவர். தணலைப் பார்த்துக்கொண்டே, "நீ பார்த்துட்டுத்தான் கேக்கறேன்னு எனக்குத் தெரியல இக்னா. தப்புன்னு உனக்குத் தெரிஞ்சிருந்தும் என்னைய அங்க நிக்கவெச்சுட்ட" என்றார். குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் அவளும் திருப்பிக் கத்தியிருப்பாள்.

திங்கட்கிழமை அவள் துறை அலுவலகத்துக்குப் போய், அந்தக் கேள்வியை எழுதியது நான்தான் என்று வெர்னெலிடம் சொன்னாள். டெல்வினாவின் கடிதங்களைப் பற்றியும் சொன்னாள். வெர்னெல் ஆளை அனுப்பித் தேடச் சொன்னாள். மூன்றும் வேறு பிரிவில், பாலங்கள் என்று எழுதிய காகிதக் கட்டுக்குள் இருந்தன. அவற்றைப் படித்துவிட்டு, விளக்கம் கேட்ட கடிதத்தைத் திரும்பப் பெறும் உத்தரவை அங்கேயே எழுதிக் கையெழுத்திட்டாள்.

"எனக்கு ஒரு ஃபோன் பண்ணியிருக்கலாமே மேடம்" என்றாள்.

"பண்ணியிருக்கலாம்."

"ஏன் பண்ணல?"

இக்னேஷியா கைப்பையின் வாரைச் சுற்றிக்கொண்டே சொன்னாள். "பிப்ரவரில ஒரு பதில் எழுதினீங்க. ஆசிரியர் ரெண்டாவது வருஷமும் இருக்கணும்னு. அது ரொம்ப நல்லா இருந்தது. அதுலேர்ந்து எனக்குத் தூக்கம் போச்சு."

வெர்னெல் அவளைச் சற்று வியப்போடு பார்த்தாள். "அத நான் எழுதல. என் தாள்ல எண்களோட முடிஞ்சுது. அவரா சேர்த்துச் சொன்னார்."

பேருந்தில் வரும்போது இக்னேஷியா ஜன்னலோரம் உட்கார்ந்து வழி நெடுக அதையே நினைத்துக்கொண்டு வந்தாள். நிம்மதி வரும் என்று பார்த்தாள், வரவில்லை. இத்தனை மாதம் ஒருத்தி மேல் எரிந்த எரிச்சல் இப்போது போக்கிடம் இல்லாமல் தவித்தது. அந்த மனுஷனுக்குத் தானாகவே பேச வந்துவிட்டது. அவளும் வேண்டாம், அந்தச் செயலாளரும் வேண்டாம். இத்தனை வருஷம் சொல்லிக்கொடுத்தவளுக்கு அது பெருமையாக இருக்கவேண்டும். இருந்தது, ஓரத்தில் கொஞ்சம்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டாள். தியோஃபில் வெட்கத்தோடு, ஆமாம், அந்த நேரத்தில் வாயில் வந்தது என்றார். முன்பே ஏன் சொல்லவில்லை என்றாள். "நீ நல்லா இருக்குன்னு சொல்லுவேன்னு காத்திருந்தேன்" என்றார் அவர்.

அவள் அன்று சொன்னாள்.

அடுத்த ஆண்டு ஜனவரியில் மோர்ன் ரூஷில் இரும்பு நடைபாலம் திறந்தார்கள். மேடையில் தியோஃபில் பேச, காகிதம் நனையாமல் வெர்னெல் குடை பிடித்தாள். இக்னேஷியா பள்ளிப் பிள்ளைகளின் பெற்றோர்களோடு மழையில் நின்று கேட்டாள். பேச்சில் பாதி அவள் எழுதியது, மீதியில் எது யாருடையது என்று அவளால் பிரிக்க முடியவில்லை. அந்தக் குடையைப் பார்த்தபோது உள்ளே ஏதோ ஒன்று பழையபடி சுருக்கென்றது. முந்திய அளவுக்கு இல்லை. டெல்வினா மருந்துப் பெட்டியோடு அவளைத் தாண்டி நடந்தாள். பாலத்தில் வழி விட்டுக்கொடுத்துவிட்டு, இக்னேஷியாவும் பின்னாலேயே அக்னெல்லாவைப் பார்க்க அக்கரைக்குப் போனாள்.