பூஜைக்கு வைத்த சர்வர்

இதை எழுதலாமா வேண்டாமா என்று சில வருடங்களாகத் தயங்கினேன். பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவன் நான். சாமி காரியத்தையும் கம்ப்யூட்டர் காரியத்தையும் சேர்த்து எழுதினால் இரண்டு பக்கத்தாரும் சிரிப்பார்களே என்ற பயம்தான்.

கொல்லங்கோடு பக்கம் ஒரு சிறிய ஆஸ்பத்திரியில் எனக்கு வேலை. எக்ஸ்ரே படங்களெல்லாம் உள்ளறையில் இருக்கும் சர்வரில் சேர்ந்திருக்கும். டாக்டர் கேட்கும் பழைய படத்தை, என் மேஜைக் கம்ப்யூட்டரில் பொது போல்டரைத் திறந்து எடுத்துக் கொடுப்பேன்.

அந்த வருடம்தான் முதல்முறையாகச் சர்வரையும் சரஸ்வதி பூஜைக்கு வைத்தோம். இத்தனை பேர் உயிரைச் சுமக்கிற பெட்டியை விட்டுவிடலாமா என்று எல்லோருக்கும் தோன்றியது. பூஜைக்கு வைத்ததைத் தொடக்கூடாதல்லவா? பிளக்கைப் பிடுங்கி, சந்தனம் குங்குமம் வைத்து, பட்டுத்துணி போர்த்தினோம். விஜயதசமியன்று பூஜை எடுத்து மறுபடி ஓடவிட்டோம்.

மறுநாள் காலை என் மனைவிக்கு இருமல் நிற்காமல் படம் எடுத்தார்கள். மிஷின் திரையைப் பார்த்த டாக்டரம்மா என்னை உள்ளே கூப்பிட்டார். நெஞ்சில் சிறியதாக ஒரு நிழல்.

“முன்னே காய்ச்சலுக்கு எடுத்த படத்திலயும் இதே அளவுல இருந்தா வெறும் தழும்பு. அப்ப இல்லேன்னா இன்னிக்கே கோயமுத்தூர் போகணும். அந்தப் பழைய படம் கிட்டினா மதி, அது போதும்.”

ஓடிவந்து போல்டரைத் திறந்தேன். அனுமதி இல்லை என்றது. கடவுச்சொல்லைத் திரும்ப அடித்துப் பார்த்தேன். பக்கத்துக் கம்ப்யூட்டரிலும் அதே பதில். பெஞ்சில் உட்கார்ந்திருந்த மனைவி எட்டிப் பார்த்தாள்.

“ஏனுங்க, ஊருக்கெல்லாம் படம் எடுத்துக் குடுக்கறீங்க. என்ற படம் மட்டும் கெடைக்காதாக்கும்?”

கோயமுத்தூரிலிருக்கும் கம்ப்யூட்டர்காரரைப் போனில் பிடித்தேன். வயரைப் பார்க்கச் சொன்னார், பார்த்தேன். பூஜை விஷயத்தையும் சொன்னேன்.

“காத்துப் போற ஓட்டையில சந்தனத்தை அப்பீட்டீங்களாண்ணா?”

“நெத்தியில மட்டுந்தானுங்க வெச்சோம்.”

“சர்வருக்கு நெத்தி வேறயா! சரி, அதோட திரையில கீழ் மூலையைப் பாருங்க. என்ன தேதி காட்டுதுங்க?”

பார்த்தேன். எங்கள் மகள் பிறப்பதற்கும் முந்தைய ஒரு வருடம்.

“அதானுங்க! உள்ள கடிகாரத்தை ஓட்டற சின்ன பேட்டரி ஒண்ணு தீர்ந்திருக்கு. கரண்டு இருந்த வரைக்கும் தெரியல. சர்வருக்கும் உங்க மேஜைப் பொட்டிக்கும் நேரம் ஒத்துவரலீன்னா நீங்க யாருன்னு சொன்னாலும் அது நம்பாது.”

அவர் சொன்னபடி தேதியையும் நேரத்தையும் திருத்தினேன். போல்டர் திறந்தது. மனைவி பெயரில் அந்தப் படம் அங்கேயே இருந்தது. டாக்டரம்மா இரண்டையும் பக்கத்தில் வைத்து அளந்தார். அதே இடம், அதே அளவு.

“தழும்புதான். இருமலுக்கு மருந்து தரேன்.”

மனைவி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. உள்ளே ஒன்றும் தொலையவில்லை. நான் தட்டிக்கொண்டே இருந்தபோதும் எல்லாம் அதனதன் இடத்தில்தான் இருந்திருக்கிறது. நேரம்தான் ஒத்துவரவில்லை. ‘என் குரல் கேட்கவில்லையா தாயே’ என்று தினமும் விளக்கின் முன் நின்று கேட்பவன் நான். அன்றைக்குப் பிறகு அப்படிக் கேட்க வாய் வரவில்லை.

அம்மன் கோபித்துப் பெட்டியைப் பூட்டினாள் என்று ஊரில் சிலர் சொல்கிறார்கள். நிழலையே துடைத்துவிட்டாள் என்று சிலர். துடைக்கவில்லை. நிழல் இன்றும் என் மனைவி நெஞ்சில் இருக்கிறது, வளரவில்லை. எனக்கு அதுவே பெரிய அருள். நீங்கள் யாரிடமாவது சொன்னால் பேட்டரியையும் விட்டுவிடாதீர்கள், தாயையும் விட்டுவிடாதீர்கள். நடந்தது நடந்தபடியே போய்ச் சேரட்டும்.