சொம்புக்கு ஒரு சீட் பெல்ட்

முன்சீட்டில் ஈயம் பூசிய பித்தளைச் சொம்பை நிமிர்த்தி வைத்து, வாய்வரை தண்ணீர் ஊற்றி, அதன் இடுப்பைச் சுற்றி சீட் பெல்ட்டை மாட்டிவிட்டுத்தான் அர்த்தனாரி காரை எடுக்கிறார். பெல்ட் 'டக்'கென்று விழுந்ததும் சொம்பைப் பார்த்து, "போலாங்களா?" என்று மரியாதையாகக் கேட்கிறார். செம்மேட்டிலிருந்து காரவள்ளி அடிவாரம் வரைக்கும் எழுபது கொண்டை ஊசி வளைவுகள். இறங்கி, சொம்பில் எவ்வளவு மிச்சம் என்று பார்த்துவிட்டு, திரும்ப ஏறி வந்துவிடுகிறார். பதினோரு நாளாகக் காலை ஆறு மணிக்கு இதுதான் நடக்கிறது.

சாதாரணக் கார் என்று நினைத்துவிடாதீர்கள். நின்ற இடத்திலிருந்து நாலே நொடியில் நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொடுகிற மின்சாரக் கார். பழையதுதான், ஆனாலும் கருநீலத்தில் பளபளவென்று நிற்கிறது. கதவின் கைப்பிடி உள்ளே ஒளிந்துகொண்டிருக்கும். சாவியோடு கிட்டே போனால் தானாக வெளியே வரும். அதை அர்த்தனாரி மணிக்கு இருபது கிலோமீட்டரில் ஓட்டுகிறார். பால்காரர் ஒருவர் சைக்கிளில் அவரை முந்திக்கொண்டு போனதை நானே கண்ணால் பார்த்தேன். போகிறபோது பாவம் பார்ப்பதுபோல் மணி வேறு அடித்துவிட்டுப் போனார்.

நான் செம்மேடு தாலுகா அலுவலகத்துக்கு மாற்றலாகி வந்து நாலு வருடம் ஆகிறது. அர்த்தனாரி வீட்டை ஒட்டிய அறையில் குடியிருக்கிறேன். இந்த எழுபது வளைவுக்குப் பயந்தே சொந்த ஊருக்கு மாதம் ஒருமுறைதான் போகிறவன். அவரோ இருபத்தெட்டு வருடம் இதே வளைவுகளில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். "ரெண்டாங் கியர்லயே வாழ்ந்துட்டனுங்க சார். மூணாங் கியரு இருக்குதான்னே மறந்து போச்சு" என்பார். பஸ் போனாலும் பழக்கம் போகவில்லை. வளைவுக்கு வளைவு ஹாரன் அடிப்பார். நிறுத்தம் வந்தால் ஆள் இருக்கிறதோ இல்லையோ காரை நிறுத்திவிடுவார். அப்படி நிறுத்தியபோது ஒருநாள் பாப்பாயி என்கிற அம்மாள் பலாப்பழத்தோடு பின்சீட்டில் ஏறி உட்கார்ந்து, "சோளக்காட்டுக்கு ஒண்ணு" என்று சில்லறையை நீட்டிவிட்டார். இவரும் கொண்டுபோய் இறக்கிவிட்டு வந்தார்.

இந்த மனிதருக்கு எதற்கு இப்படி ஒரு கார் என்றுதானே கேட்கிறீர்கள்? மலையே அதைத்தான் கேட்டது. காரணம், சுகுணாக்காவின் மூக்கு.

அர்த்தனாரியின் மனைவி சுகுணாக்காவுக்கு டீசல் வாடை ஆகாது. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தாலே குமட்டும். முதல் வளைவில் வாந்தி. எழுபது வளைவிலும் பஸ்ஸை ஓட்டுகிற மனிதரைக் கட்டிக்கொண்டு இந்த அம்மா பட்ட பாட்டை என்னவென்று சொல்வது! அர்த்தனாரியின் காக்கிச் சட்டை இருபத்தெட்டு வருடமும் வாசலைத் தாண்டி உள்ளே வந்ததில்லை. வெளியே கொய்யா மரத்தில்தான் அதற்கு இடம். சுகுணாக்கா கடைசியாக ஒன்பது வருடத்துக்கு முன்னால் மலையை விட்டு இறங்கினார். பாதி வழியில் பாதி உயிர் போய்விட்டது என்று சொல்லி, திரும்பி ஏறியதோடு சரி. ஆறு வருடத்துக்கு முன் மகள் அருள்மொழியைக் கட்டிக்கொடுத்தபோது கல்யாணத்தையே செம்மேட்டில்தான் வைத்தார்கள். மகள் நாமக்கல்லில் குடித்தனம் செய்கிறாள். அவளுடைய சமையலறையை அம்மா போனில்தான் பார்த்திருக்கிறார். "அந்த சன்னலை மறுக்காவும் காட்டு கண்ணு... அதென்ன, மொளகாப்பொடி டப்பாவை அடுப்புகிட்டயா வெச்சிருக்கற?" என்று தினமும் ஒரு சோதனை நடக்கும். போனை வைத்தபிறகு தன் அடுப்படி டப்பாக்களை ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்து வைப்பார். அதைப் பார்க்க எனக்கே சங்கடமாக இருக்கும்.

'மின்சாரக் காருக்கு வாடையே கிடையாது' என்று யாரோ டீக்கடையில் சொல்லப்போக, அன்றைக்குப் பிடித்தது அர்த்தனாரிக்குப் பைத்தியம்.

சேந்தமங்கலத்தில் பழைய கார் வியாபாரம் செய்கிற பக்ருதீன் பாயிடம் போனோம். காகிதம் படிக்க நான். சோதனைக்குச் சொம்பு. முதலில் இரண்டு மின்சாரக் கார்களைக் காட்டினார் பாய். இரண்டிலும் சொம்பை வைத்து ஒரு சுற்று வந்ததில் சீட் நனைந்தது. அப்புறம்தான் இந்தக் கருநீலத்தின் உறையை இழுத்தார்.

"அண்ணே, கெட்டியாப் புடிச்சுக்கோங்க. நாலே செகண்டுல நூறு!"

"அதெல்லாம் வேண்டாங்க பாய். எத்தனை மெதுவாப் போகும்?"

பாய் என்னைப் பார்த்தார். நான் வேறு பக்கம் பார்த்தேன். இருபது வருட வியாபாரத்தில் அப்படி ஒரு கேள்வியை அந்த மனிதர் கேட்டிருக்கமாட்டார்.

அர்த்தனாரி வேலையை ஆரம்பித்தார். டயரைத் தடவிப் பார்த்து, "முன்ன வெச்சிருந்தவரு ஓட்டலீங்க, எறிஞ்சிருக்கறாரு. நாலையும் மாத்திக் குடுங்க" என்றார். உள்ளே தொங்கிய மல்லிகை வாசனைப் புட்டியைக் கழற்றி பாயின் கையில் கொடுத்தார். "இதுதானுங்க மொத எதிரி." பிறகு எல்லாக் கண்ணாடியையும் ஏற்றிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு கால் மணி நேரம் உள்ளே மூச்சு இழுத்தபடி உட்கார்ந்திருந்தார். பாய் பயந்துபோய்க் கண்ணாடியைத் தட்டினார். பேட்டரிச் சான்றிதழைப் படித்து, புதிதில் இருந்த தெம்பில் தொண்ணூற்றொரு சதவீதம் பாக்கி இருக்கிறது என்றேன். "தொண்ணூத்தொண்ணா! எனக்கு அறுபதுகூடத் தேறாதுங்க சார்" என்று சிரித்தார்.

அப்புறம் சொம்பு ஏறியது. பஸ் ஓட்டுகிற அதே தோரணையில் சேந்தமங்கலத்தைச் சுற்றி வந்தார். ஒரு சொட்டு சிந்தவில்லை. இறங்கியதும் என் தோளைப் பிடித்துக்கொண்டார். "சார், ஆக்சிலேட்டர்ல இருந்து காலை எடுத்தா ரெண்டாங் கியர்ல வர்றாப்பல அதுவே புடிக்குது. பிரேக்கே வேண்டாம்! சத்துள்ள வண்டியத்தானுங்க மெதுவா ஓட்ட முடியும். சத்தில்லாதது ஏத்தத்துல மொனகும், குலுங்கும். அவளுக்கு ஆகாது." விலையை நான் சொல்லமாட்டேன். ஓய்வு பெற்றபோது வந்த பணமும் மூன்று வருடத்து மிளகு விற்ற காசும் அதில் போயின என்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்.

கார் வீட்டுக்கு வந்தது. அர்த்தனாரி பொட்டு வைத்து, மாலை போட்டு, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் கேட்டார். சுகுணாக்கா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஏனுங்க, மொதல்ல என்னையக் கீழ கொண்டுபோயிச் சேருங்க. அப்பறம் வெக்கலாம் எலுமிச்சம்பழம். எங்கிட்டத் தேறுன வண்டிக்குத்தான் பூசை."

அர்த்தனாரி தலையைச் சொறிந்துகொண்டார். பழம் இல்லாமலே மாலை காய்ந்தது.

மகள் வீட்டுக்குப் போகிற நாள் குறித்தார்கள். அன்னாசி, கப்பக்கிழங்கு, மிளகு, தேன் என்று பின்னால் இடம் நிறைந்தது. அர்த்தனாரி இரண்டு நாளாகக் காரைச் சார்ஜில் செருகியே வைத்திருந்து நூற்றுக்கு நூறு ஏற்றிவிட்டார். "மக ஊட்டுக்குக் கொறையாப் போகக்கூடாதுங்க சார். எல்லாம் நெறையா இருக்கோணும்." எனக்கும் அது சரியென்றே பட்டது. மலையில் யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள்.

எழுபதாவது வளைவு; எண்கள் அடிவாரத்திலிருந்து ஏறுவதால் இறங்குகிறவர்களுக்கு அதுதான் முதல். அவர் காலை எடுத்தார். கார் பிடிக்கவில்லை, வழுக்கிக்கொண்டு போனது. பிரேக்கை மிதித்தார். அறுபத்தொன்பது, மறுபடி பிரேக். சேந்தமங்கலத்தில் இருந்த ரெண்டாங் கியரை யாரோ கழற்றிக்கொண்டு போனதுபோல் ஆகிவிட்டது. இருபத்தெட்டு வருடத்தில் இந்த மலையில் பிரேக்கை இப்படித் தேய்த்திராத மனிதர் வியர்த்துப்போனார். வளைவுக்கு வளைவு கார் முன்னால் குனிந்து குனிந்து எழுந்தது. ஐம்பத்திரண்டில் பிரேக் தீய்கிற வாடை உள்ளே வந்தது. நாற்பத்துநாலில் சுகுணாக்கா கதவைத் தட்டினார். இறங்கி, வளைவுச் சுவரைப் பிடித்துக்கொண்டு, பாவம், குடலே வெளியே வந்துவிடும்போல் வாந்தி எடுத்தார்.

பின்சீட்டில் கூடப் போயிருந்த நான் எழுபதாவது வளைவிலேயே கண்ணை மூடிக்கொண்டவன், அப்போதுதான் திறந்தேன். காரின் திரையில் ஒரு அறிவிப்பு ஆங்கிலத்தில் நின்றுகொண்டிருந்தது: பேட்டரி நிறைந்திருப்பதால் தானாகப் பிடிப்பது வேலை செய்யாது. காகிதம் படிக்க என்று என்னைக் கூட்டிவந்தவர் அவர். நான் ஒரு வரியைப் படிக்காமல் கண்ணை மூடிக்கொண்டு வந்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது. இன்றும் இருக்கிறது.

"இனி என்னையக் கூப்புடாதீங்க" என்றார் சுகுணாக்கா. கோபம் இல்லை அந்தக் குரலில். அதுதான் அர்த்தனாரியை உடைத்துவிட்டது. ஏற்றத்தில் கார் குலுங்காமல் வீட்டுக்குப் போனது. அன்னாசியை நான் பஸ்ஸில் கொண்டுபோய் அருள்மொழியிடம் கொடுத்தேன்.

பாயைப் போனில் பிடித்தார் அர்த்தனாரி. பாய் மறுமுனையில் தலையில் அடித்துக்கொண்ட சத்தம் எனக்கே கேட்டது. "அண்ணே! எறங்கறப்ப சக்கரம் சுத்தற சுத்துல கரண்டு உண்டாகி உள்ள போவும். அது உள்ள போறப்பத்தான் வண்டியப் புடிச்சு நிறுத்தும். நீங்க முழுசா ரொப்பி வெச்சா அது எங்க போயி ஒக்காரும்? கீழ இருக்கறவங்க ரொப்பலாம். மலைல இருந்து எறங்கறவங்க ரொப்பக்கூடாதுங்க!"

அர்த்தனாரி போனைக் காது மாற்றிக்கொண்டார். "ஒறம்பற ஊட்டு விருந்துக்குப் போறப்ப வயித்துல எடம் வெச்சுட்டுப் போறாப்பலங்களா?"

"அதேதாங்க!"

மறுநாளே சொம்பு முன்சீட்டில் ஏறிவிட்டது. பேட்டரியை அறுபதில் நிறுத்திக்கொண்டு இறங்கினார். கார் பிடித்தது, ஆனால் காலைச் சட்டென்று எடுத்தால் சட்டென்று பிடித்தது. முதல் நாள் சொம்பில் பாதிதான் மிச்சம். காலை எப்படி எடுப்பது என்று அறுபது வயதில் புதிதாகப் படிக்க வேண்டியதாயிற்று. செருப்பைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பார்த்தார். நாலாம் நாள் முக்கால் சொம்பு. நாற்பத்துநாலாவது வளைவில் மட்டும் தினமும் ஒரு மடக்கு சிந்தியது. "அந்த எடத்துல எனக்கே கால் நடுங்குதுங்க சார்" என்றார். எதிரே வருகிற பஸ்காரர்கள், எல்லாம் அவரிடம் தொழில் கற்றவர்கள், தலையை நீட்டி, "அண்ணே, சொம்புக்கு டிக்கெட் எடுத்தாச்சுங்களா?" என்பார்கள். "பாஸ் வெச்சிருக்குது சாமி, நீ போ" என்பார் இவர். இறங்கி முடிக்கையில் திரை அறுபத்துமூன்று காட்டும். இறங்குவதற்கு வண்டியே நமக்குக் கரண்டு கொடுக்கிறது என்பது அவருக்கு இன்னும் நம்பமுடியாத சங்கதி. போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். பதினோராம் நாள் சொம்பு நிறைசொம்பாகவே திரும்பியது. அதை வீட்டுக்குள் கொண்டுபோய் அடுப்படியில் வைத்தார். சுகுணாக்கா அதைப் பார்த்தார், விளிம்பை விரலால் தொட்டுப் பார்த்தார்.

இதுவரை எழுதி மடித்து வைத்திருந்தேன். நேற்றுக் காலையில் நடந்ததையும் சேர்க்காமல் உங்களுக்கு அனுப்ப மனசு வரவில்லை.

வழக்கம்போல் ஆறு மணி. சொம்புக்கு பெல்ட் மாட்டியாகிவிட்டது. உள்ளேயிருந்து சுகுணாக்கா வந்தார். ஊதா நிறப் புடவை, கையில் ஒரு பை, இன்னொரு கையில் மூக்கருகே ஒற்றை எலுமிச்சம்பழம். முன்கதவைத் திறந்தார். சொம்பின் பெல்ட்டைக் கழற்றி, தண்ணீரைச் செம்பருத்திக்கு ஊற்றி, சொம்பை வாசலில் கவிழ்த்தார்.

"இந்தச் சொம்புல இத்தனை நாளா ரசம் வெக்க முடியல" என்று சொல்லி, அதன் இடத்தில் உட்கார்ந்து, பெல்ட்டைப் போட்டுக்கொண்டார். "சார், நீங்களும் ஏறுங்க. கண்ணைத் தொறந்துக்கிட்டு வாங்க."

ஏறினேன். திறந்துகொண்டுதான் போனேன். பேட்டரி அறுபது என்று திரையைப் படித்துச் சொன்னேன், யாரும் கேட்காமலே. அர்த்தனாரி செருப்பைக் கழற்றினார். "போலாங்களா?" என்று கேட்கையில் குரல் பிசிறியது. அவர் சொம்பிடம் கேட்டபோது இப்படி இருந்ததில்லை.

எழுபது, அறுபது, ஐம்பத்திரண்டு. சுகுணாக்கா பழத்தை மூக்கிலிருந்து எடுக்கவில்லை. கண்ணையும் பாதையிலிருந்து எடுக்கவில்லை. நாற்பத்துநாலில் அர்த்தனாரியின் கழுத்து நரம்பு புடைத்தது. காலை மெல்ல, மிக மெல்ல எடுத்தார். கார் வளைந்து நிமிர்ந்தது. எனக்கு வாய்விட்டுக் கத்தவேண்டும்போல் இருந்தது, அடக்கிக்கொண்டேன். முப்பதுக்குக் கீழே எப்போதோ பழம் மூக்கை விட்டு மடிக்கு இறங்கியிருந்தது. பத்தாவது வளைவில், "அருளு ஊட்டுல அந்த மொளகாப்பொடி டப்பாவை எடம் மாத்தோணும்" என்றார் சுகுணாக்கா, பொதுவாக.

இன்னும் கொஞ்ச நேரத்தில் கார் நின்றது.

"ஏனுங்க நிறுத்திட்டீங்க?"

"கீழ வந்துட்டோம் சுகுணா" என்றார் அர்த்தனாரி. கை இன்னும் ஸ்டியரிங்கை விடவில்லை.

சுகுணாக்கா அண்ணாந்து மலையைப் பார்த்தார். பிறகு பெல்ட்டைக் கழற்றிக்கொண்டு இறங்கினார். குமட்டுகிறதோ என்று நான் பதறிக் கதவைத் திறப்பதற்குள் காரைச் சுற்றி முன்பக்கம் போயிருந்தார். புடவையை ஒரு கையால் ஒதுக்கிக்கொண்டு குனிந்து, வழி நெடுக மோந்துகொண்டு வந்த அந்த ஒற்றை எலுமிச்சம்பழத்தை முன்சக்கரத்துக்கு அடியில் வைத்தார்.