கென்ட் கிராமத்து வெள்ளை உடுப்புக்காரர்கள்

எங்கள் பள்ளிக்கூடத்து வெள்ளைப் பசைக்குப் பாதாம் பருப்பின் வாசனை; ஒருவரும் பார்க்காத நேரம் விரலை நக்கிப் பார்க்காத பிள்ளை அந்த வகுப்பில் இருந்திருக்காது, நானும் நக்கியிருக்கிறேன், பிள்ளைகளே, இதை அம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள். எண்பதுகளின் நடுவில், பாரிஸின் லா சப்பலில், ரயில் போகும்போதெல்லாம் யன்னல் கண்ணாடி நடுங்குகிற ஓர் அறையில் அப்பா, அம்மா, நான் மூவரும் இருந்தோம். அந்த வசந்தத்தில்தான் எங்கள் வகுப்புச் சுவரில் அந்தப் பசையால் இங்கிலாந்தை ஒட்டினார்கள்.

வகுப்புப் பிள்ளைகள் எல்லோரும் கப்பலேறிக் கென்ட் என்ற மாவட்டத்துக்கு நான்கு நாள் போய்வந்திருந்தார்கள். நான் போகவில்லை. எங்களிடம் இருந்தது "ரெசெப்பிசே" என்ற தாள் ஒன்றுதான். அகதி மனு கொடுத்திருக்கிறோம் என்று சொல்லும் அந்தத் தாளோடு பிரான்ஸின் எல்லையைத் தாண்ட முடியாது என்பதால், அந்த நான்கு நாளும் என்னைச் சின்ன வகுப்பில் கொண்டுபோய் இருத்தினார்கள்.

சுவரில் என்னென்னவோ இருந்தன. சதுரக் கோபுரத்தோடு ஒரு பழைய கல் தேவாலயம், கறுத்த மரச்சட்டங்களோடு ஒரு பக்கம் சாய்ந்தும் விழாமல் நூற்றாண்டுகளாக நிற்கும் வீடுகள், பியருக்குப் போடும் பூவை உலர்த்தக் கட்டிய, உச்சியில் வெள்ளைக் குல்லா வைத்தது போன்ற வட்டச் சூளைகள். ஒவ்வொரு படத்துக்கும் கீழே ஒரு விளக்க அட்டை. ஓரத்தில் "கென்டுக்குச் சென்றவர்கள்" என்று தலைப்பிட்ட பெயர்ப் பட்டியல். அதில் இல்லாத பெயர் என்னுடையது மட்டும். சனிக்கிழமை பெற்றோர்கள் பார்க்க வருவார்கள். அந்தச் சுவரில் என் பெயரும் இருக்க வேண்டும். அப்போது எனக்கு வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை.

கடைசிப் படத்தில் தேவாலயத்துக்கு முன்னால் ஒரு புல்வெளி, அதில் வெள்ளை உடுப்புப் போட்ட ஆண்கள் தள்ளித் தள்ளி அசையாமல் நின்றார்கள். "தேவாலயச் சடங்குக்காகக் கூடியிருக்கும் கிராமத்தவர்கள்" என்றது அட்டை. நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன்.

அட்டையை எழுதிய பிலிப்புக்குக் கோபம் வந்துவிட்டது. "என்ன சிரிப்பு?"

"இது சடங்கில்லை, கிரிக்கெட். விளையாட்டு."

"நீயா போய்ப் பார்த்தாய்? நான் பார்த்தேன். ஒரு மணி நேரம் நின்றோம், ஒருத்தன்கூட ஓடவில்லை. ஓடாமல் என்ன விளையாட்டு?"

எல்லோரும் சிரித்தார்கள். எங்கள் ஆசிரியை மட்டும் சிரிக்காமல், "சனிக்கிழமை எல்லோருக்கும் விளங்கப்படுத்து. சரியாயிருந்தால் அட்டையை மாற்றலாம்" என்று சொல்லி, அந்தப் படத்தின் சிறிய பிரதி ஒன்றையும் தந்தார்.

அப்பா, அதாவது உங்கள் அப்பப்பா, அப்போது ஒரு உணவகத்தில் கோப்பை கழுவினார். ஈரத்தில் ஊறிய விரல்களால் படத்தை வாங்கியவர், "என்னடா, எங்கட ஊர் மாதிரியே கிடக்கு! கோயில், முன்னாலை வெளி, வெளியிலை பெடியள்" என்றார். பிறகு யன்னலடிக்குப் போய், "இந்த மனுசனை எங்கை நிப்பாட்டியிருக்கிறாங்கள் பார், அடிக்கிறவன் இடக்கைக்காரன்" என்று தொடங்கியவர், தேத்தண்ணி ஆறும்வரை நிறுத்தவில்லை. ஊரில் அவர் முதல் ஆளாக இறங்கி அடித்தவர்.

"நீங்கள் வந்து காட்டுங்கோ அப்பா."

"எனக்குப் பிரெஞ்சு தெரியாதேடா."

"கதைக்கிறது நான். நீங்கள் அடியுங்கோ."

மட்டைக்கு எங்கே போவது? கட்டிலின் பலகை ஒன்றைக் கழற்றினார். "அப்ப நான் எங்கை படுக்கிறது?" என்று அம்மா சத்தம் போட, "ஒரு பலகைதானே, நீர் அந்தப் பக்கம் உருளாமல் படும்" என்றார் அப்பா. பக்கத்து அறைச் சிவம் அண்ணை கதவில் சாய்ந்துகொண்டு, "அண்ணி, பயப்பிடாதேங்கோ. அண்ணை முதல் பந்திலையே அவுட், பலகை பத்திரமாத் திரும்பி வரும்" என்றார்.

சனிக்கிழமை காலை, கலியாணக் கோட்டும் கட்டில் பலகையுமாக அப்பா பள்ளி முற்றத்தில் நின்றார். ஒரு நாற்காலிதான் விக்கெட். நான் விதிகளைச் சொல்லி, கையை மடக்காமல் பந்து போடப் பிலிப்புக்குக் காட்டினேன். அவன் போட்ட முதல் பந்து அப்பாவின் பலகைக்குக் கீழால் போய் நாற்காலியில் "டங்" என்று பட்டது.

எங்களோடு கூட வந்திருந்த சிவம் அண்ணை தலையில் கை வைத்தார். "அவுட்" என்று நானே சொல்ல வேண்டியதாயிற்று. பிலிப் துள்ளினான், முற்றத்தைச் சுற்றி ஓடினான், பிறகு திரும்பி வந்து, "இன்னொரு தரம்!" என்றான்.

அப்பா கோட்டைக் கழற்றி என்னிடம் தந்தார். இரண்டாவது பந்து மதிலுக்கு மேலால், தெருவுக்கும் மேலால், மெத்ரோ ஓடும் பாலத்துப் பக்கம் போய் மறைந்தது. "ஆறடா, ஆறு!" என்று சிவம் அண்ணை இரண்டு கையையும் உயர்த்தினார்.

தலைமை ஆசிரியர் கேட்டார்: "இவர் ஏன் கையைத் தூக்குகிறார்? இதுதான் சடங்கா?"

"இல்லை ஐயா, ஆறு ஓட்டங்கள்" என்றேன். "ஓடாமலே."

"ஓடாமலே ஆறா?" என்று வாய் பிளந்த பிலிப்தான் பலகையை வாங்க முதலில் வரிசையில் நின்றான். அவனுக்குப் பின்னால் பிள்ளைகள், பிள்ளைகளுக்குப் பின்னால் அவர்களுடைய அப்பாமார். வேறு பந்து தேடி எடுத்தார்கள். சுவர்ப் படங்களை அன்று பாதிப் பேர் பார்க்கவேயில்லை.

மத்தியானம் ஆசிரியை பழைய அட்டையை உரித்துவிட்டுப் புதியதை என் கையால் எழுதவைத்தார். பிறகு பட்டியலின் தலைப்பில் "சென்றவர்கள்" என்பதை வெட்டி, "கென்டை நமக்குக் காட்டியவர்கள்" என்று மாற்றி, கடைசியில் என் பெயரை எழுதினார். அதை மூன்று முறை வாசித்தேன்.

அந்த அறை இருந்த கட்டிடம் இன்று இல்லை. பள்ளி முற்றத்துக்கு ரப்பர் தரை போட்டுவிட்டார்கள். கென்டில் அந்தச் சூளைகள் பலவற்றிலும் இப்போது பூ உலர்வதில்லை, யன்னல் சீலை தொங்கவிட்டுக் குடும்பங்கள் இருக்கின்றன. போன கோடையில் நீங்களே பார்த்தீர்கள். கடவுச்சீட்டைக் காட்டி ரயிலில் நேரே போய் இறங்கினோம், ஒருவரும் மறிக்கவில்லை. புல்வெளி வாங்கில் அமர்ந்த உங்கள் அப்பப்பா, "அது அவுட்டே இல்லை, கண் தெரியேல்லையோ!" என்று நடுவரைப் பார்த்து யாழ்ப்பாணத் தமிழில் கத்த, பக்கத்தில் இருந்த ஆங்கிலேயக் கிழவர் ஒரு சொல்லும் விளங்காமலே, "சரிதான், சரிதான்" என்பது போலத் தலையாட்டினார். நீங்கள் இருவரும் வெட்கப்பட்டு மரத்துக்குப் பின்னால் போய்விட்டீர்கள். நான் எழுந்து நின்று, அவரோடு சேர்ந்து கத்தினேன்.