என்னில் பார்த்து எழுதுங்கோ

ரிச்சர்ட்ஸ் டவுனில் பிறந்து வளர்ந்த நோரா சிஸ்டர், ஆஸ்பத்திரிப் பரிசோதனை அறையில் நர்ஸாகப் பெண்களின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றே தலை நரைத்தவர். அவர் வேலைக்குச் சேர்ந்த காலத்தில், பலாத்காரத்துக்கு ஆளான பெண்ணை விரல் விட்டுப் பார்த்து, ‘பழக்கப்பட்டவள்’ என்று ஒரே வரியில் எழுதிவிடுவார்கள். காயம் இல்லையா, குற்றமும் இல்லை. போரில் சிக்கியவர்களுக்கோ அந்த ஒரு வரிகூடக் கிடையாது, பார்க்கவே ஆளில்லை. பிறகு நீதிமன்றம் விரல் சோதனையே கூடாது என்றது. ஆறிப்போன தழும்பை வருஷங்கள் கழித்தும் எப்படிப் பார்த்து எழுதுவது என்று உலக அளவில் முறைகள் வந்தன. அந்த முறைகளைப் படித்துவிட்டு வந்தவர் டாக்டர் ஸ்வர்ணா. இலங்கைப் போரில் தப்பியவர்களின் சாட்சியங்களைத் திரட்டும் ஒரு வெளிநாட்டு அமைப்புக்காக அவர் பரிசோதனை செய்தபோது, நோராவைத் துணைக்கு வைத்துக்கொண்டார்.

ஒரு மத்தியானம் ஜீவனஹள்ளியிலிருந்து சிவமலர் வந்தாள். போரில் தப்பி வந்து அங்கே தங்கியிருந்தவள், நாற்பதைத் தாண்டியவள்.

“தனியாவா வந்தீங்கம்மா?” என்றார் நோரா.

“இல்லை. நாங்கள் நாலு பேர்.”

வாசலில் யாரும் இல்லை. நோரா ஒன்றும் சொல்லாமல் மூன்று நாற்காலிகளை இழுத்துப் போட்டார். அதன் பிறகுதான் சிவமலர் மேஜையில் ஏறிப் படுத்தாள்.

தோளில் இருந்த சூட்டுத் தழும்பை டாக்டர் அளந்து குறித்தார். அப்போது சிவமலர் தன் இடது தொடையைத் தொட்டுக் காட்டினாள். “இங்க கத்தியால கீறினவங்கள்.”

தோல் வழுவழுவென்றிருந்தது. “இங்க ஒண்ணும் இல்லையேம்மா,” என்றார் டாக்டர்.

“இது தயாளினியின்ர, என்னோட பிடிபட்ட மூண்டு பேரில ஒருத்தி. அவளின்ர உடம்பு இனிக் கிடைக்காது. என்னில பார்த்து எழுதுங்கோ.”

சிவமலரின் விரல் போன இடமெல்லாம் அவள் தோலில் மயிர் குத்திட்டு நின்றது. அவள் நாற்காலிகள் பக்கம் தலையைச் சாய்த்துக் கேட்பாள், பிறகு சொல்வாள்.

“நீங்க பார்த்தீங்களா?” என்றார் டாக்டர் மெதுவாக.

“என்ர கண்ணைக் கட்டியிருந்தவங்கள். சத்தம்தான் கேட்டது.”

“அப்ப கத்தின்னு எப்படித் தெரியும்?”

“இப்பதான் சொல்லுறாள்.”

டாக்டரின் பேனா நின்றது. “சிவமலர், உங்க உடம்புல இருக்கறத தனியா எழுதுறேன். அவங்க மூணு பேருக்கு நடந்ததுல நீங்க பார்த்தது, காதால கேட்டது, அத மட்டும் தனித்தனியா எழுதுறேன். மத்தத எழுதினா உங்களப் பைத்தியம்னு சொல்லி எல்லாத்தையும் தள்ளிடுவாங்க.”

சிவமலர் நாற்காலிகள் பக்கம் தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

“சரியாம்,” என்றாள்.

மழைக்காலம் முடியும்போது அந்த அமைப்பிடமிருந்து பதில் வந்தது. நாலு பேரையும் தனித்தனி வழக்காகப் பதிவு செய்திருந்தார்கள். நோராதான் போனில் சொன்னார். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தார்.

சிவமலர், “அவையள் மூண்டு பேரும் போயிட்டினம் அக்கா. காலமையில இருந்து ஒரு சத்தமும் இல்லை. இத்தனை வருசத்தில நான் தனிய இருந்ததில்லை. பயமாக் கிடக்கு,” என்றாள்.

“கதவத் திறந்து வை தங்கச்சி, வந்துடறேன்,” என்று சொல்லி, நோரா செருப்பை மாட்டிக்கொண்டு ஆட்டோ பிடிக்க ஓடினார்.