ஆட்சேபம் உண்டு

நகர்மன்றத் தலைவரின் மனைவி, நகராட்சிப் பிரசவ ஆஸ்பத்திரியில் இருபத்தாறு வருடம் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். கணவரின் கூட்டங்களில் முன்வரிசையில் உட்கார்ந்து, கைதட்ட வேண்டிய இடத்தில் கைதட்டுவார். பேசமாட்டார்.

பன்னிரண்டு கட்டில் கொண்ட அந்த ஆஸ்பத்திரியை மூடிவிட்டு வணிக வளாகம் கட்டுவதென்று தலைவர் முடிவெடுத்தார். மூன்று மாதம் சாப்பாட்டு மேஜையில் மனைவி வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தார். தலைவர் தலையாட்டிக்கொண்டே சாப்பிட்டு எழுந்துபோனார்.

பொதுமக்களிடம் கருத்துக் கேட்கும் நாள் வந்தது. ஆட்சேபம் உள்ளவர்கள் பெயர் கொடுக்கலாம் என்று குமாஸ்தா அறிவித்ததும், மனைவி முன்வரிசையிலிருந்து எழுந்து வரிசையில் போய் நின்றார்.

“அம்மா, நீங்க எதுக்கு இங்க?”

“ஆட்சேபம் சொல்லத்தான். எழுதிக்குங்க.”

“முகவரி?” என்றார் குமாஸ்தா, வாய் தவறி.

“வாரம் நாலு தடவை ஃபைலைத் தூக்கிட்டு வர்றீங்களே, அந்த வீடுதான்.”

கூடம் சிரித்தது. மைக்கைப் பிடித்தபோது அவர் குரலில் கோபம் இல்லை.

“பெரிய ஆஸ்பத்திரிக்கு நாற்பது நிமிஷம். ரெண்டாவது பிரசவம் அவ்வளவு நேரம் பொறுக்காது. போன வருஷம் ரிப்பேருன்னு ஒரு மாசம் மூடினீங்க. வழியிலேயே மூணு குழந்தை பிறந்துச்சு. ஒண்ணு தங்கல. அந்தப் பொண்ணு பின்னாடி உக்காந்திருக்கா.”

“நேரமாச்சு. அடுத்தவர்” என்றார் தலைவர், மேஜையைப் பார்த்தபடி.

சாயங்காலம் கொழுந்தன் வந்தார். “என்ன அண்ணி, அண்ணன் மானத்தைக் கப்பலேத்திட்டீங்களே! வீட்டோட பேசித் தீர்த்திருக்கலாம்ல?”

“வீட்டுல பேசினா உங்க அண்ணனுக்குக் காது கேக்கல. மைக்குல பேசினேன், கேட்டுச்சு.”

ஆனாலும் தீர்மானம் நிறைவேறியது. அவர் பழைய நர்ஸுகளோடு ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்தார். முதல் நாள் ஒன்பது பேர். பத்தொன்பதாம் நாள் தெரு கொள்ளவில்லை. தேர்தலை நினைத்துக் கட்சி மேலிடம் பயந்தது. பாதிக் கட்டடம் கடைகளாயிற்று. ஐந்து கட்டில் மிஞ்சியது.

அடுத்த நகர்மன்றத் தேர்தலில் அவர் ஒரு வார்டில் சுயேச்சையாக நின்று நூற்றுச் சொச்சம் ஓட்டில் ஜெயித்தார். கணவரும் மறுபடி தலைவரானார். ஒரே வீட்டில்தான் இருக்கிறார்கள். சேர்ந்து காபி குடித்துவிட்டுத் தனித்தனி வண்டியில் மன்றத்துக்குப் போகிறார்கள். இந்த மாதக் கூட்டத்துக்கு மனைவி எழுதிக் கொடுத்திருக்கும் கேள்வி, ஆறாவது கட்டில் எப்போது வரும் என்பது.