மூலையை நக்கும் ஆடுகள்

நம்பினால் நம்புங்கள், விட்டால் விடுங்கள். ஆனால் இது எனக்கே நடந்தது. என் வலது கை ஆள்காட்டி விரல் சோற்றில் பட்டால் இன்றைக்கும் எனக்குக் குமட்டும். ஸ்பூனில்தான் சாப்பிடுகிறேன்.

ஆடு வளர்க்கும் ஆசை என் மனைவிக்கு. எனக்கு அழுக்கு என்றாலே ஆகாது. கைவிடப்பட்ட ஆடுகளை மீட்டுப் பராமரிக்கும் காப்பகம் ஒன்றிலிருந்து மூன்று வெள்ளாடுகளைத் தத்தெடுத்து வந்தாள். ஒன்று நிறை சினை. போன முறை அதற்குக் குட்டி செத்துத்தான் பிறந்ததாம்.

"இந்தத் தடவையாவது குட்டி பிழைக்கணும்ங்க" என்று தினமும் புலம்பினாள்.

ஆடுகளோடு ஒரு மூட்டையும் வந்தது. அவை முன்பு இருந்த கொட்டகையின் வைக்கோல். பழகிய வாசனை இருந்தால் புது இடத்தில் மிரளாது என்று இவளே கேட்டு வாங்கியிருந்தாள். மூலையில் பரப்பினேன். சீ! ஆட்டு நாற்றம் எனக்குத் தெரியும். மூத்திரம், புழுக்கை, கிடா வாடை... இது அதில்லை. மூடி மறந்துபோன கறிப் பாத்திரத்தைத் திறந்தது போல இருந்தது.

அள்ளிக் கொட்டவும் வழியில்லை. குளிர்காலத்தில் பழைய வைக்கோல் மேலேயே புதிதைப் போடுவோம். அடியில் இருப்பது மக்கிச் சூடு கொடுக்கும். அந்த அசிங்கமும் அங்கேயே கிடந்தது.

ஆடுகள் நக்க உப்புக்கட்டி தொங்கவிட்டேன். தொடவில்லை. மூன்றும் மூலைக்குப் போய் வைக்கோலை நக்கின. சளக்... சளக்... எந்நேரமும். அந்த இடம் மட்டும் பிசுபிசுவென்று இருந்தது. நடுவில் ஒரு பள்ளம். ஆடு படுத்த பள்ளத்தைவிட நீளம்.

"யாரோ படுத்து எழுந்த மாதிரி இல்ல?" என்றேன்.

"கொட்டகை வேலையிலிருந்து நழுவ உங்களுக்கு ஒரு சாக்கு!"

ஒரு சாயங்காலம் சினை ஆட்டுக்கு வலி எடுத்தது. ஆறரை மணிக்கே கும்மிருட்டு. துண்டு எடுத்து வர என்னை வீட்டுக்கு விரட்டினாள்.

திரும்பி வந்தால் கொட்டகை பல்பு அணைந்திருந்தது. அவளைக் காணோம். டார்ச்சும் இல்லை.

சளக்... சளக்...

மூலையில் மூன்று ஆடுகளும் எதையோ நக்கிக்கொண்டிருந்தன. குட்டி போட்டுவிட்டது! மண்டியிட்டுக் கையை நீட்டினேன். வழவழவென்று ஒரு தலை. முழுக்கக் கொழகொழ. கையை இழுத்துக்கொள்ளத் தோன்றியது. ஆனால் குட்டி செத்தால் இவள் தாங்கமாட்டாள்.

மூக்கை அடைத்த சளியை வழிக்க வேண்டும். வழித்தேன். இன்னும் வழித்தேன்.

மூக்கு இல்லை...

பிறந்த குட்டியின் வாய்க்குள் விரல் விட்டுப் பார்ப்பார்கள். உள்ளே சூடு இருந்தால் பிழைக்கும். விட்டேன்.

சில்லென்று இருந்தது.

பதறிப்போய்த் தலையைத் தேய்த்தேன். "மூச்சு விடுடா... விடு..."

விரலைச் சப்பியது.

அப்பாடா!

பிறகு கடித்தது. மேலேயும் பல். கீழேயும் பல்.

ஆட்டுக்கு மேல்வரிசையில் முன்பல் கிடையாது.

"என்னங்க!"

வாசலில் மனைவி. கையில் டார்ச். ஸ்வெட்டருக்குள் எதையோ பொத்தியிருந்தாள்.

"பல்பு போயிடுச்சு. குட்டி குளிர்ல நடுங்குது, தாய் திரும்பிக்கூடப் பார்க்கல. பக்கத்துத் தீவன அறைக்குத் தூக்கிட்டுப் போனேன். நீங்க அங்க என்ன பண்றீங்க?"

வெளிச்சம் மூலையில் விழுந்தது. வைக்கோல். பள்ளம். வேறு எதுவும் இல்லை.

என் விரலில் பல் தடம் இருந்தது. இரண்டு பக்கமும். அங்கேயே வாந்தி எடுத்தேன்.

மறுநாள் காப்பகத்து அக்காவுக்குப் போன் செய்தேன். அந்த வைக்கோலில் முன்பு யார் படுத்தது என்று கேட்டேன்.

"முன்னாடி வளர்த்தவர் தனி ஆளுங்க. போன குளிர்காலத்துல கொட்டகையிலேயே விழுந்து செத்துட்டார். ரொம்ப நாள் கழிச்சுத்தான் பார்த்தாங்க. ஆடுங்க அவரைச் சுத்திப் படுத்திருந்துச்சு. உப்புக்கட்டி வைக்க ஆள் இல்லையா... வேர்வை உப்புக்காக..."

"சொல்லுங்கக்கா."

"முகத்தை நக்கியே தேய்ச்சிடுச்சுங்க. மூக்கே இல்ல. பல்லு மட்டும்தான் மிச்சம்."

அந்த வைக்கோலை அன்றே எரித்தோம். குட்டி பிழைத்துவிட்டது. மனைவிக்கு ஏக சந்தோஷம். அந்தக் குட்டியும் உப்புக்கட்டி பக்கமே போவதில்லை. நான் உள்ளே நுழைந்ததும் ஓடி வந்து, அந்த ஒரு விரலை மட்டும் தேடிப்பிடித்து நக்குகிறது.